இறங்கி நடக்கும் சோலைமந்தி

வணக்கம். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கு வந்து போனவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். மேலே வந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், “எங்கே திரும்பினாலும் பச்சை சார்” என்பீர்கள். அந்தப் பச்சையோடுதான் எனக்கு வழக்கு.

நான் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதனால் தேயிலையைப் பழிக்க வரவில்லை. ஆனால் தேயிலைக் காடு என்கிறோமே, அது காடு இல்லை. இடுப்பளவுக்குக் கவாத்து செய்த ஒரே செடி, நிழலுக்கு நடுநடுவே சில்வர் ஓக், அவ்வளவுதான். 1890களில் மழைக்காட்டை வெட்டத் தொடங்கினார்கள். சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஓடைக்கரையிலும் சரிவிலுமாகச் சில துண்டுச் சோலைகள்.

அப்படியொரு துண்டு, வால்பாறை ஊரை ஒட்டியே இருக்கும் புதுத்தோட்டம். அங்கே சோலைமந்திகள் இருக்கின்றன. சிங்கவால் குரங்கு என்றால் உங்களுக்குத் தெரியும். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லை. (மந்தி என்றால் பெண் குரங்கு, ஆண் கடுவன். ரிட்டயர் ஆனாலும் வாத்தியார் புத்தி போகாது.) வெடிப்பலா மரத்தின் பூவையும் கொட்டையையும் தின்று, கிளைக்குக் கிளை தாவி, மேலேயே வாழ வேண்டிய பிராணி.

ஒரு ஜூன் மாதச் சாரலில் அங்கே சாலையோரம் குடையோடு நின்றிருந்தேன். கூட்டம் மரத்தை விட்டு இறங்கியது. பெரிய கடுவன் முதலில் கடந்துவிட்டது. அடுத்து, வயிற்றைக் கவ்விய குட்டியோடு ஒரு தாய். பாதி ரோடு வந்ததும் வளைவில் பஸ் ஹாரன். திரும்பி ஓடினாள். மறுபடி வந்தாள், ஒரு ஜீப். மூன்றாவது தடவை ஒரு பைக்காரர் நிறுத்தி பிஸ்கட் எறிந்தார்! நான்காவது தடவைதான் அக்கரை. மொத்தக் கூட்டமும் கடக்க இருபது நிமிஷம். மேலே கிளையும் கிளையும் தொட்டுக்கொண்டிருந்தால் அரை நிமிஷ வேலை.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எத்தனை ஏக்கர் காடு மிச்சம் என்று மட்டும் கேட்காதீர்கள், தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். மரத்தை விட்டு இறங்கினால் வண்டி, நாய், கரண்ட் கம்பி. பிறகு குப்பைத் தொட்டி, அப்புறம் நம் அடுப்படி. உடனே “குரங்குத் தொல்லை” என்று மனு எழுதுகிறோம்.

இப்போது சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். கடக்கும் நேரத்தில் வண்டிகளை மெதுவாக்கச் சொல்ல ஆட்களும் நிற்கிறார்கள். அந்தப் பாலத்தில் சோலைமந்திகள் வால் தூக்கி நடப்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

“காடு துண்டானாலும் பறவைச் சத்தம் குறையவில்லையே?” என்று கேட்பவர்கள் உண்டு. சரி, குறையவில்லைதான். கொண்டைக்குருவியும் மைனாவும் கத்துகின்றன. அவை எங்கேயும் பிழைக்கும். துண்டு சிறுத்து, ஓரமெல்லாம் வெயிலும் காற்றும் புகுந்தால் முதலில் போவது அடர்காட்டை விட்டு வெளியே வராத இனங்கள். தலையை எண்ணினால் கணக்குச் சரியாக இருக்கும், யார் தலை என்று பார்த்தால்தான் தெரியும். இருவாச்சிப் பறவை கூடு வைக்கப் பெரிய மரத்தில் பொந்து வேண்டும், தின்ன அத்திப்பழம் வேண்டும். சில்வர் ஓக்கில் அதற்கு என்ன கிடைக்கும்? நாட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த காபித் தோட்டங்களில் அது இன்னும் பறக்கிறது. அதைப் பற்றியே தனியாகப் பேசலாம்...

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாயிற்று என்று கை காட்டுகிறார்கள். யானையைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட்டில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள், செல்போனிலிருந்தே எரியவிடலாம். எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். ராத்திரி கடைசி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு நடங்கள். வணக்கம்.