மேய்ப்புப் பணி காலை ஜெபத்தோடு முடிந்துவிடுமா? ஓர் ஆசிரியையின் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மேய்ப்புப் பணியைப் பற்றியது; அதாவது, மேய்ப்பன் ஆடுகளைப் பார்ப்பதுபோல் பிள்ளைகளை அக்கறையோடு கவனிப்பது. ஒரு கணித ஆசிரியை அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். "நான் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் வேலை செய்கிறேன். தினமும் காலை ஜெபம், வேதபாட வகுப்பு எல்லாம் இருக்கின்றன. வாரம் ஒருமுறை போதகரும் வந்து பிள்ளைகளிடம் பேசுகிறார். மேய்ப்புப் பணி என்று இதற்கு மேல் ஒரு பாட ஆசிரியை என்ன செய்ய முடியும்? பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை."

நேரம் போதவில்லை என்று நீங்கள் சொல்வதை முழுமையாக நம்புகிறேன், சகோதரி. அதனால் புதிய வேலை எதையும் உங்கள் தலையில் ஏற்றப்போவதில்லை. தினமும் வருகைப்பதிவு எடுக்கிறீர்கள் அல்லவா? அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்று யோவான் 10-ஆம் அதிகாரம் சொல்கிறது. பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நேரம் வருகைப்பதிவு நேரம்தான். குனிந்த தலை நிமிராமல் கடகடவென்று வாசித்துவிடலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நொடி முகத்தைப் பார்த்தும் வாசிக்கலாம். நாற்பது பிள்ளைகள் இருந்தாலும் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகாது. நேற்றுவரை கணீரென்று பதில் சொன்னவள் இன்று முனகினால், அது உங்களுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை வருகிற போதகருக்குத் தெரியாது.

இதே பெயர்களை, கட்டணப் பாக்கி என்று எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கிற பள்ளிகளும் இருக்கின்றன. காலையில் ஜெபித்த அதே வாய்! என்னால் இதைப் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. கடன் பெரியவர்களுடையது, வெட்கத்தை மட்டும் ஏன் பிள்ளை சுமக்க வேண்டும்?

நான் ஆசிரியராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பையன் முதல் பாடவேளையில் தூங்கி விழுவான். ஒரு நாள் அவனை எழுப்பி நிற்க வைத்து, வகுப்பே பார்க்கும்படி திட்டினேன். அன்று மாலை அவன் வீட்டுப்பாட நோட்டைத் திருத்தினேன். நான்கு கணக்குகள் சரி. ஐந்தாவது பாதியில் நின்றிருந்தது. சமக்குறியிலிருந்து பேனாக் கோடு வளைந்து வளைந்து இறங்கிப் பக்கத்தின் ஓரம்வரை போயிருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே தூங்கியிருக்கிறான். அந்தக் கோட்டுக்குத்தான் நான் இரண்டு வாரமாக 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதிவந்திருக்கிறேன். பிறகு விசாரித்தேன். அம்மா மருத்துவமனையில்; அப்பா இரவுவேலைக்குப் போய்விடுகிறார்; கைக்குழந்தையான தங்கையைத் தூங்கவைப்பது இவன்தான். மறுநாள் வகுப்பில் எல்லோரும் கேட்க அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்பும் திட்டிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்பது நியாயமில்லை.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை அதற்குப் பிறகுதான் சரியாக வாசித்தேன். உயிருக்குப் பயந்து ஓடிவந்த தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்கிறார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். அங்கே அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். மறுபடியும் உணவு வருகிறது. "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கர்த்தருடைய கேள்வி, அவர் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. நாமோ அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறோம்.

இடைவேளையையும் சொல்ல வேண்டும். 1884-ஆம் ஆண்டு மே 10 அன்று ஏழைப் பிள்ளைகளுக்காக உழைத்த இத்தாலியப் பாதிரியார் டான் போஸ்கோ, ரோமிலிருந்து தூரின் நகரில் இருந்த தம்முடையவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவரை வருத்தியது விளையாட்டு மைதானத்தின் காட்சி. முன்பு ஆசிரியர்கள் பிள்ளைகளோடு ஓடி விளையாடினார்கள். இப்போதோ பிள்ளைகளில் சிலர் தூணில் சாய்ந்து தனியே நிற்க, பெரியவர்களில் பலர் தங்களுக்குள் பேசியபடி உலாவுகிறார்கள். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, நேசிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியவும் வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். எல்லா இடைவேளையையும் கேட்கவில்லை, சகோதரி. உங்களுக்கும் ஓய்வு வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் தூணருகே போய் நில்லுங்கள், போதும்.

ஒரு எச்சரிக்கை. உங்களை நம்பி ஒரு பிள்ளை, "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்று கேட்டால், செய்யாதீர்கள். யாராவது அந்தப் பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். "உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, பள்ளியில் இதற்கென்று பொறுப்பில் இருப்பவரிடம் அன்றைக்கே கொடுங்கள். சட்டம் கேட்கிறபடி புகாரும் போக வேண்டும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பது மேய்ப்பனின் வேலையல்ல. மந்தையை விட்டுத் தங்களையே மேய்த்துக்கொண்டவர்கள் என்று எசேக்கியேல் 34-ஆம் அதிகாரம் கண்டிக்கிற மேய்ப்பர்களின் வேலை அது.

ஜெபிக்கலாமா என்றால், பிள்ளையிடம் கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேறு மார்க்கத்துப் பிள்ளை "வேண்டாம்" என்றால் மனம் நோகாமல் விட்டுவிடுங்கள். உங்கள் அன்பு அதற்குப் பிறகும் கொஞ்சமும் குறையாமல் இருக்க வேண்டும்.

நாளைக் காலை பதிவேட்டைத் திறக்கும்போது, தொடர்ந்து மூன்று நாள் வராத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வீட்டுக்கு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். "ஏன் அனுப்பவில்லை?" என்று ஆரம்பிக்காமல், "வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா?" என்று ஆரம்பியுங்கள்.