பெயர் மாற்றி வரும் வெட்டு

அவையோருக்கு வணக்கம். தலைவர் அம்மா எனக்கு நாற்பது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மணியடித்தால் கையில் இருக்கும் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவது பழக்கமாகிவிட்டது, கவலைப்பட வேண்டாம்.

"கல்விக்கான நிதியைக் குறைக்கிறோம்" என்று எந்த அமைச்சராவது மேடையேறிச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? சீரமைப்பு என்று வரும். இணைப்பு என்று வரும். பணி நிரவல் என்று வரும், அதாவது ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவது. மாணவர் எண்ணிக்கை போதவில்லை என்று ஒரு கடிதம் வரும். ஓய்வுபெற்றவரின் நாற்காலி அப்படியே கிடக்கும். அதில் உட்கார ஆள் மட்டும் வரமாட்டார். வெட்டு என்ற சொல்லை விட்டுவிட்டு மற்ற எல்லாச் சொல்லும் அகராதியில் இருக்கும். கொடி பிடிப்பதற்கு முன்னால், வந்திருப்பது வெட்டுதான் என்று நாம் அடையாளம் கண்டாக வேண்டும். பாதிப் போராட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது என்பது என் வாதம்.

ஒரு கணக்கு போடுவோம். பள்ளிகளுக்குப் போன வருடம் 100 ஒதுக்கினார்கள், இந்த வருடமும் அதே 100 என்று வையுங்கள். அதில் சம்பளம் 80. மீதி 20க்குள்தான் ஆய்வகத்து அமிலம், கழிப்பறைத் தண்ணீர், மின்கட்டணம், ஒழுகும் கூரை எல்லாம் அடங்க வேண்டும். விலைவாசியை ஒட்டிச் சம்பளம் 5 சதவீதம் ஏறுகிறது. 80 என்பது 84 ஆகிவிட்டது. மீதி? 16. ஒதுக்கீடு கடுகளவும் குறையவில்லை. ஆனால் பள்ளியின் அன்றாடச் செலவுக்கான பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. அந்த 16க்கும் போன வருடத்து விலைக்குச் சாமான் கிடைக்காது. கடைசியில், "எல்லாவற்றையும் வாத்தியார் சம்பளமே தின்றுவிடுகிறது" என்று பழி எங்கே வந்து விழும் என்பது உங்களுக்கே தெரியும்.

பட்ஜெட் புத்தகத்தை விரித்தால் ஒரே செலவு இனத்துக்கு மூன்று எண்கள் இருக்கும். மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மையில் செலவான கணக்கு. மேடையில் பேசுவது முதல் எண். மறுநாள் தலைப்புச் செய்தியும் அதுதான். மூன்றாவது எண் அச்சாகி வருவதற்குள் கைதட்டியவர்கள் மறந்திருப்பார்கள். நான் எப்போதும் மூன்றாவதைத்தான் முதலில் தேடுவேன்.

செலவானதாகக் கணக்கில் எழுதிய பணமும் பள்ளி வாசலுக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. உகாண்டாவில் 1990களின் நடுவில் தொடக்கப் பள்ளிகளுக்குப் போகும் மானியத்தைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். 1991 முதல் 1995 வரை ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மைய அரசு அனுப்பிய மானியத்தில், சம்பளம் போக மற்றச் செலவுக்கான பணத்தில், சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளை எட்டியிருந்தது. மீதி வழியிலேயே கரைந்துவிட்டது. அதற்குப் பிறகு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று அரசே பத்திரிகைகளில் வெளியிட ஆரம்பித்தது. பள்ளிகளும் வந்த தொகையை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்றார்கள். சில ஆண்டுகளில் வந்துசேரும் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டியது. பத்திரிகை விளம்பரம் ஒன்றே இதைச் செய்துவிட்டது என்பதை ஏற்காத ஆய்வாளர்கள் உண்டு. நிதி நிர்வாகத்தையும் அப்போது இறுக்கினார்கள் என்பது அவர்கள் வாதம். இருக்கட்டும். சுவரில் ஒட்டிய ஒரு தாளைப் படித்துவிட்டு, "எங்கள் பள்ளிக்கு வந்த மீதி எங்கே?" என்று ஒரு தாய் கேட்க முடிந்தது. எனக்கு அது போதும்.

இங்கிலாந்தில் வேறொரு வழி பார்த்தார்கள். அங்கே 2010க்குப் பிறகான பத்து ஆண்டுகளில், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், ஒரு மாணவருக்கான செலவு ஏறக்குறைய 9 சதவீதம் இறங்கியது. "9 சதவீதம்" என்று சொன்னால் யாருக்கும் வலிக்காது. ஆசிரியர் சங்கங்கள் சேர்ந்து ஓர் இணையதளம் அமைத்தன. உங்கள் பகுதியைத் தட்டினால் போதும், உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்கே எவ்வளவு இழப்பு, அது எத்தனை ஆசிரியர் சம்பளத்துக்குச் சமம் என்று காட்டும். 2017 தேர்தலில் அந்த எண் பள்ளி வாசல்களில் பேச்சானது. தேர்தல் முடிந்த அடுத்த மாதமே பள்ளிகளுக்கு 130 கோடி பவுண்டு கூடுதலாகத் தருவதாக அரசு அறிவித்தது. இதில் சிரிக்க ஒன்று உண்டு. அது கருவூலத்திலிருந்து வந்த புதுப் பணம் இல்லை. கல்வித் துறையின் மற்ற இனங்களிலிருந்து மிச்சம் பிடித்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டார்கள். பள்ளிகளுக்கு அது கிடைத்தது உண்மை, ஆகவே வெற்றிதான். ஆனால் வெற்றி என்று சொல்வதற்கு முன் எந்தப் பையிலிருந்து வந்தது என்று பார்க்கிற கண்ணும் வேண்டும்.

அடுத்த வருடம் தலைமையாசிரியர்களே பிரதமர் இல்லத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். வாழ்நாளில் ஒரு கோஷமும் போட்டிராத, கழுத்துப்பட்டை கட்டிய மனிதர்கள். அவர்களில் பலருக்கு அது முதல் ஊர்வலமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நிதிக் குறைப்பை எதிர்த்துப் பெற்றோர்கள் 2015இல் செய்தது இன்னும் எளிது. மாதத்தின் முதல் நாள், பள்ளி தொடங்குவதற்கு முன் கைகோத்துப் பள்ளியைச் சுற்றி நின்றார்கள். அடுத்த மாதம் முதல் நாள் மறுபடியும். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு அது பரவியது. தேதியை மறக்க வழியில்லை, வேலைக்கு லீவு போடவும் வேண்டாம். மாதாமாதம் வாடகைக்காரர் போல வந்து நின்றால் எந்த அரசுக்கும் சங்கடம்தான்.

இனி நான் நிறையப் பேச விரும்பும் ஊருக்கு வருகிறேன். பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலம், 2015. மறுசீரமைப்பு என்ற பெயரில் ஒரு திட்டம் வந்தது. ஒரு பள்ளியில் ஒரே கல்வி நிலை மட்டும் இருந்தால் தரம் உயரும் என்றார்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்ட பள்ளிக்கட்டடங்களை மூடவும், சுமார் மூன்று லட்சம் பிள்ளைகளை இடம் மாற்றவும் ஏற்பாடு. பிள்ளைகளையோ பெற்றோர்களையோ யாரும் கேட்கவில்லை. முதலில் ஊர்வலம் போனார்கள், ஒன்றும் நடக்கவில்லை. நவம்பர் மாதம் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒரு பள்ளிக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் இன்னொரு பள்ளி. மாதம் முடிவதற்குள் இருநூறை நெருங்கிவிட்டது.

உள்ளே என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. தென்னமெரிக்காவின் மற்ற நாட்டு மாணவர் போராட்டங்களிலிருந்து வந்த ஒரு சின்னக் கையேட்டை மொழிபெயர்த்து, பிரதியெடுத்துக் கைமாற்றியிருந்தார்கள். சமையலுக்கு ஒரு குழு, துப்புரவுக்கு ஒரு குழு, காவலுக்கு ஒன்று, பத்திரிகைக்காரர்களிடம் பேச ஒன்று. பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கழிப்பறையைத் தேய்த்துக் கழுவினார்கள், செடி வைத்தார்கள். பூட்டிக்கிடந்த அறைகளைத் திறந்தபோது பிரிக்காத புத்தகக் கட்டுகள், பயன்படுத்தாத சாதனங்கள். இதற்கும் நிதிக் குறைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பணம் இல்லை, இடம் வீண் என்று சொன்ன நிர்வாகத்தைப் பார்த்து, "இருப்பதையே நீங்கள் எங்களிடம் கொடுக்கவில்லையே" என்று பிள்ளைகள் கேட்கக் கையில் ஆதாரம் கிடைத்துவிட்டது. டிசம்பர் 4ஆம் தேதி ஆளுநர் திட்டத்தை நிறுத்திவைத்தார். அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, மாநில அரசை நடத்துபவர். கல்விச் செயலர் பதவி விலகினார்.

வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர் வேலைக்குப் போகாவிட்டால் பாதிக்கப்படுவது ஏழைப் பிள்ளைதானே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, மழுப்பக்கூடாது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் 2018 பிப்ரவரி 22 அன்று ஆசிரியர் வேலைநிறுத்தத்தால் 55 கவுண்டிகளிலும், அதாவது எல்லா மாவட்டங்களிலும், பள்ளிகள் மூடின. வெளியே போவதற்கு முன் ஆசிரியர்கள் உணவுப் பொட்டலம் கட்டினார்கள். பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருந்த பிள்ளைகளுக்கு அதைக் கொண்டுசேர்க்க ஏற்பாடு செய்தார்கள். சில நாள் கழித்து ஆளுநருடன் உடன்பாடு ஆகிவிட்டது என்று சங்கத் தலைவர்கள் அறிவித்தபோது, கீழே இருந்தவர்கள் ஏற்கவில்லை. "சட்டமாகட்டும், பிறகு வருகிறோம்" என்று வெளியிலேயே நின்றார்கள். மார்ச் 6 அன்று 5 சதவீதச் சம்பள உயர்வு சட்டமானது. ஆசிரியர்களுக்கு மட்டும் இல்லை, பேருந்து ஓட்டுநர், சமையலர் எல்லோருக்கும் சேர்த்து.

நீதிமன்றம் போகலாமா? போகலாம், பொறுமை இருந்தால். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பள்ளிகளுக்குப் போதிய நிதி கேட்டு 2010இல் வழக்குப் போட்டார்கள். பலமுறை பள்ளிகள் பக்கமே தீர்ப்பு வந்தது. 2019இல்தான் ஒதுக்கீடு போதுமானது என்று நீதிமன்றம் ஏற்றது. அப்போதும் சொன்னபடி தருகிறார்களா என்று பார்க்க வழக்கை முடிக்காமல் 2024 வரை கையில் வைத்திருந்தது. வழக்குப் போட்ட வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டது.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் பாதிதான் பேசியவனாவேன். பணம் வரவில்லையா, நாமே வசூல் செய்துவிடலாம் என்று கிளம்புவது. பெயிண்ட் அடிக்கிறோம், மின்விசிறி வாங்கிப் போடுகிறோம். நானும் செய்திருக்கிறேன், மகிழ்ச்சியாகவும் இருந்தது. மறுவருடம் அந்த இனத்துக்குப் பணமே கேட்கக் கூடாது என்றார் ஓர் அதிகாரி. "அதுதான் ஊரார் பார்த்துக்கொள்கிறார்களே!" வசதியுள்ள பெற்றோர் இருக்கும் பள்ளி இப்படித் தப்பிக்கும். மற்றப் பள்ளி என்ன செய்யும்? வசூல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மழைக்காலத்தில் கூரை காத்திருக்காது. ஆனால் ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வைத்து, "உங்கள் கடமையை இந்த வருடம் நாங்கள் செய்தோம், தொகை இவ்வளவு" என்று வருடக் கடைசியில் துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அது நன்கொடைப் பட்டியலாக இருக்கக் கூடாது, கடன் பாக்கிப் பட்டியலாக இருக்க வேண்டும்.

மறுபடி சாவோ பாவ்லோவுக்கே போகிறேன், கதை டிசம்பரோடு முடியவில்லை. திட்டத்தை நிறுத்தினார்களே தவிர, அடுத்த ஆண்டு வகுப்புப் பிரிவுகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் மூடப்படுகின்றன என்று ஆசிரியர் சங்கம் புகார் சொன்னது. பள்ளியை மூடினால் ஊரே திரளும். ஏழாம் வகுப்பு 'சி' பிரிவை மூடினால் யார் வருவார்கள்?

அதனால்தான் நுழையும்போது உங்கள் எல்லோர் கையிலும் ஒரு தாள் கொடுக்கச் சொன்னேன். நான்கு கட்டங்கள்தான். உங்கள் பள்ளியில் எத்தனை பிரிவுகள், எத்தனை ஆசிரியர் பணியிடம், அதில் எத்தனை காலி, இந்த வருடம் கைக்கு வந்த மானியம் எவ்வளவு. பக்கத்திலேயே போன வருடத்துக்கும் இடம் விட்டிருக்கிறது. மூன்றாவது கட்டத்தை நிரப்பத் தலைமையாசிரியர் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம், காலை வழிபாட்டுக்கு நிற்கும் ஆசிரியர்களை எண்ணினாலே தெரிந்துவிடும். பேனா இல்லாதவர்கள் கை தூக்குங்கள், பின்வரிசையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம்.