சுருட்டி வைத்த படுக்கை

வணக்கம் நண்பர்களே. இன்று நம்பிக்கையைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆனால், "நம்பினால் நடக்கும்" என்று மட்டும் சொல்ல மாட்டேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் உட்கார்ந்திருந்தவள் நான்; அதையே உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் கையில் இருப்பது வேலை தேடிய காலத்தில் எழுதிய நாட்குறிப்பு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று, "இந்த மாதம் கட்டாயம் கிடைத்துவிடும்" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அண்மையில் எண்ணிப் பார்த்தபோது, 19 மாதங்கள் அதே வரி இருந்தது. இடையிலுள்ள பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேனே தவிர, நேர்காணலில் எந்தக் கேள்வியில் தடுமாறினேன் என்று ஒருமுறைகூட எழுதிப் பார்க்கவில்லை. எழுதினால் இருக்கிற நம்பிக்கையும் போய்விடுமோ என்று பயந்தேன்.

கடவுளை நம்புவதற்கும் நாளையை நம்புவதற்கும் தமிழில் பெரும்பாலும் 'நம்பிக்கை' என்றே சொல்கிறோம். என்னிடம் இருந்ததோ தேதி குறித்த வெறும் எதிர்பார்ப்பு. தேதி தவறும் ஒவ்வொரு முறையும் மனம் சற்று நொறுங்கியது.

இதை எனக்குப் புரியவைத்தது துருவப் பகுதி ஆய்வாளர் எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் அண்டார்டிகப் பயண வரலாறு. அவருடைய எண்டியூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரியில் பனியில் சிக்கி, நவம்பரில் மூழ்கியது. பனிப்பாளத்தில் பல மாதங்கள் தங்கியிருந்த 28 பேரும், 1916 ஏப்ரலில் எலிபெண்ட் தீவில் கரையேறினார்கள். அங்கிருந்து ஷாக்கிள்டன் ஐந்து பேருடன் ஒரு சிறு படகில் ஏறி, சுமார் 1,300 கிலோமீட்டர் கடலைக் கடந்து உதவி தேடிப் போனார்.

எனக்கு அந்தப் படகுப் பயணத்தைவிடத் தீவில் காத்திருந்த 22 பேர்தான் முக்கியம். கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு அடியில், நான்கு மாதங்களுக்கும் மேலாக, பென்குயினையும் சீல் எனும் கடல்நாயையும் வேட்டையாடித் தின்று அவர்கள் உயிர் வாழ்ந்தார்கள். உறைபனியில் அழுகிய ஒருவரின் கால்விரல்களை மருத்துவர்கள் அந்தக் குடிசைக்குள்ளேயே வெட்டி எடுத்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்த ஃபிராங்க் வைல்ட், காலையில் எல்லோரையும் படுக்கைப் பைகளைச் சுருட்டிக் கட்டச் சொல்வார். தலைவர் இன்றைக்கு வரக்கூடும் என்பார். 'வந்துவிடுவார்' என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லில்தான் என் நாட்குறிப்பு தோற்றது. மீட்க வந்த முயற்சிகள் மூன்று முறை பனியால் தடைபட்டன. நான்காவது முறை, 1916 ஆகஸ்ட் 30 அன்று, கப்பல் வந்தபோது 22 பேரும் உயிருடன் இருந்தார்கள்.

உழைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு உழைத்தாலும் மாறாத நோய்களும் இழப்புகளும் உண்டு; அந்தத் தீவின் குளிரும் படுக்கையைச் சுருட்டியதால் குறையவில்லை.

எனக்கும் இருபதாவது மாதத்தில் வேலை கிடைக்கவில்லை. மேலும் ஏழு மாதங்கள் ஆயின. பிரார்த்தனையை நான் விடவில்லை. ஆனால் முதல் தேதியன்று "கிடைக்கக்கூடும்" என்று எழுதி, அதற்குக் கீழே அன்றைய வேலையையும் எழுதத் தொடங்கினேன். அந்த ஏழு மாதப் பக்கங்களை இப்போது காட்டுகிறேன். இதோ, இந்தப் பக்கத்தில் நான் தடுமாறிய ஒரே கேள்விக்கு நான்கு முறை பதில் எழுதி, மூன்றை அடித்திருக்கிறேன்.