ஷூ பெட்டியில் ஒரு கூத்து மேடை

வணக்கம் மக்களே! வேலூரிலிருந்து பேசுகிறேன். மேசை மேல் நிற்கிறதே, அது காகித நாடக மேடை. 1800களில் லண்டன் கடைகளில் நடிகர்களையும் காட்சிகளையும் தாளில் அச்சடித்து விற்பார்கள். சாதாத் தாள் ஒரு பென்னி, வண்ணம் தீட்டியது இரண்டு பென்னி. பிள்ளைகள் அதை வெட்டி அட்டையில் ஒட்டி, பக்கவாட்டிலிருந்து தள்ளித் தள்ளி வீட்டிலேயே நாடகம் போடுவார்கள்.

எனக்கு அதில் நம்ம வடாற்காட்டுக் கட்டைக்கூத்தை, அதாவது மரக்கட்டை அணிகள் பூட்டி ஆடும் கூத்தைப் பார்க்க ஆசை. லண்டன் மேடைக்கு முன்னால் அலங்காரமாக ஒரு சட்டம் இருக்கும். கூத்தில் ஜனங்கள் மூன்று பக்கமும் உட்காருவார்கள், அதனால் சட்டமே வைக்கவில்லை. ஷூ பெட்டியைக் கவிழ்த்தால் மேடைத் தரை, மூடியை நிறுத்தினால் பின்சுவர். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு ஷூ பெட்டிக்கா பஞ்சம்!

உயிர் திரையில்தான் இருக்கிறது. கூத்தில் இரண்டு பேர் துணியைப் பிடித்து நிற்க, துரியோதனன் அதற்குப் பின்னாலிருந்தே பாடுவான். கிரீடம் மட்டும் மேலே தெரியும். அந்தக் காத்திருப்பு கிடைக்கவில்லையென்றால் மேடை எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் தரையில் இரண்டு நீளப் பிளவு வெட்டினேன். பின்பிளவில் துரியோதனன், முன்பிளவில் திரை பிடிக்கிற இருவர். இருவரையும் அடியில் ஒரே அட்டைப் பட்டையில் ஒட்டியாயிற்று. பட்டையை இழுத்தால் திரையோடு நகர்ந்துவிடுவார்கள். திரைக்கு மட்டும் பழைய ரவிக்கைத் துணி. காகிதம் விறைப்பாக நிற்கும், தொய்வே வராது.

ஒரு விஷயம், பட்டை வெட்டும் முன் அட்டையை இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் வளைய மறுக்கிறதோ, பட்டையின் நீளம் அந்தப் பக்கம் வரட்டும். இல்லாவிட்டால் தள்ளும்போது மடங்கும். பத்து சென்டிமீட்டர் பொம்மையில் தோளில் பூட்டும் புஜக்கட்டையும் கிரீடமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கழுத்துதான் கிழியும். தோளுக்கும் கிரீடத்துக்கும் நடுவே உள்ள வெள்ளைக் காகிதத்தை வெட்டாமல், பின்சுவர் நிறத்தையே பூசிவிடுங்கள். அணிகளில் மின்னும் கண்ணாடித் துண்டுக்குச் சாக்லேட் தாள் போதும். ஊசி முனையில் பசை தொட்டு வையுங்கள்.

விளக்குக்கு மொபைல் டார்ச், மேலே மஞ்சள் கண்ணாடித் தாள். பக்கத்திலிருந்து அடித்தால் புஜக்கட்டை நிழல் பின்சுவரில் பெரிதாக விழும், பாருங்கள், எவ்வளவு கம்பீரம்!

அடுத்து கட்டியங்காரன், கூத்தின் கோமாளி. ஓரிடத்தில் நிற்கிற ஆளா அவன்? கை, கால் தனித்தனியாக வெட்டி நூல் முடிச்சால் கோர்க்கிறேன். முடிச்சைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், அப்போதுதான் ஆடுவான்.