ரோமானியர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். சீசர் பற்றிய வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "ரோமானியர்கள் டிராய் நகரத்திலிருந்து தப்பி வந்தவர்கள் என்கிறார்கள், ஓநாய்ப் பால் குடித்த இரட்டையர் கட்டிய ஊர் என்கிறார்கள், எட்ருஸ்கர்கள்தான் ரோமை உருவாக்கினார்கள் என்றும் படித்தேன். எதை நம்புவது?"

எங்கேயோ ஓர் இனம் இருந்தது, மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டது, ஓரிடத்தில் வந்து இறங்கி ரோம் என்று பெயர் வைத்தது என்று நினைத்தால்தான் இந்தக் குழப்பம் வரும். அப்படி யாரும் வந்து இறங்கவில்லை. முதலில் ஊர் உருவானது, அந்த ஊரில் வந்து சேர்ந்தவர்கள் எல்லாம் ரோமானியர்கள் ஆனார்கள், அவ்வளவுதான்.

கதைகளை முதலில் முடித்துவிடுகிறேன். டிராய் விழுந்தது கி.மு. 12ஆம் நூற்றாண்டு என்பது கிரேக்கர்கள் போட்ட கணக்கு. ரோம் பிறந்தது கி.மு. 753, ஏப்ரல் 21 என்பது வர்ரோ என்ற ரோமானிய அறிஞர் ஏறக்குறைய எழுநூறு வருடம் கழித்து உட்கார்ந்து போட்ட கணக்கு. டிராயிலிருந்து தப்பி வந்த ஈனியஸின் பேரன்தான் ஓநாய்ப் பால் குடித்த இரட்டையரில் ஒருவனும் ரோமைக் கட்டியவனுமான ரோமுலஸ் என்று பழைய கவிஞர்கள் பாடி வைத்திருந்தார்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நானூறு வருடம் இடிக்கிறது. என்ன செய்தார்கள் தெரியுமா? நடுவில் ஆல்பா லோங்கா என்ற ஊரில் வரிசையாக ராஜாக்களை உட்கார வைத்து அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். நாம் பேசிய சீசரின் குடும்பம் ஈனியஸின் மகன் வழி வந்தவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொண்டதே, அதெல்லாம் இந்தக் கதையின் தயவுதான். ஓநாய் விஷயத்தில் ரோமானியர்களுக்கே சந்தேகம் இருந்தது. லத்தீனில் 'லூபா' என்றால் பெண் ஓநாய், கொச்சைப் பேச்சில் பரத்தைக்கும் அதே சொல். இரட்டையரை வளர்த்தவள் அப்படிப்பட்ட பெண்ணாக இருந்து, அதிலிருந்துதான் கதை கிளம்பியது என்று சொல்பவர்களும் உண்டு என ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியே எழுதி வைத்திருக்கிறார்.

மண்ணுக்குள் கிடைத்தது வேறு கதை. 1948இல் ரோமின் பலடைன் குன்றில் தோண்டியபோது, பாறையில் வரிசையாகக் குழிகள் தெரிந்தன. மரத்தூண் நட்ட குழிகள். குச்சியும் களிமண்ணும் வைத்துச் சுவர், மேலே கூரை, அவ்வளவுதான் வீடு, காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு. பிற்காலத்தில் ரோமின் மையமாக இருந்த ஃபோரம் அப்போது குன்றுகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கும் பள்ளம், அதன் ஓரத்தில் சுடுகாடு. 1902இல் அங்கே தோண்டினார்கள். எரித்த சாம்பலைப் போட்டு வைத்த தாழிகள் கிடைத்தன, அவற்றில் சில குட்டிக் குடிசை போலவே செய்யப்பட்டவை, கதவுகூட உண்டு. உயிரோடு இருந்தபோது எந்த வீடோ, செத்த பிறகும் அதே வீடு! எனக்கு ரோமில் உள்ள எந்தப் பளிங்குக் கோயிலையும் விட இந்தத் தாழிதான் பிடிக்கும். அப்புறம் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குள் அந்தப் பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கி, கால்வாய் வெட்டித் தண்ணீரை டைபர் ஆற்றுக்கு விட்டார்கள். குன்றுக்கு ஒன்றாகக் கிடந்த குக்கிராமங்கள் ஒரே ஊராக ஆனது இந்த வேலைக்குப் பிறகுதான்.

ஏன் அந்த இடம்? ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு இருக்கிறது, அதை ஒட்டி ஆற்றைக் கடப்பது சுலபம். கடலோரத்தில் ஆறு கடலில் சேரும் இடத்தில் உப்பளங்கள். அந்த உப்பு மலைநாட்டு ஆட்டுக்காரர்களுக்குப் போக வேண்டும் என்றால் இந்தத் துறை வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பாதைக்கு இன்றும் உப்புச் சாலை என்றுதான் பெயர், வியா சலாரியா.

மொழியைப் பொறுத்தவரை இவர்கள் லத்தீன்காரர்கள், டைபருக்குத் தெற்கே இருந்த லாட்டியம் சமவெளியின் மொழி அது, சமஸ்கிருதமும் கிரேக்கமும் சேர்ந்த இந்தோ ஐரோப்பியக் குடும்பம். ஆற்றைத் தாண்டினால் எட்ருஸ்கர்கள், அவர்கள் மொழி அந்தக் குடும்பமே இல்லை. ஆனால் 2021இல் வெளியான பழைய எலும்புகளின் டிஎன்ஏ ஆய்வைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் உடம்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. எட்ருஸ்கர்கள் ரோமை உருவாக்கினார்கள் என்பது கொஞ்சம் அதிகம், நிறையக் கற்றுக்கொடுத்தார்கள் என்றால் சரி. எழுத்தே அவர்கள் வழியாக வந்ததுதான். எட்ருஸ்கனில் 'க' உண்டு, தங்கத்தில் வருகிற அந்த அழுத்தமான ஒலி கிடையாது. அதனால் ரோமானியர்கள் ரொம்ப நாள் 'சி' (C) என்ற ஒரே எழுத்தை வைத்து இரண்டையும் சமாளித்தார்கள், நாம் ஒரே க-வை வைத்துக் கடலும் தங்கமும் எழுதுகிற மாதிரி. 'ஜி' (G) என்ற எழுத்து கி.மு. 3ஆம் நூற்றாண்டில்தான் வருகிறது. அதற்குப் பிறகும் கையஸ் என்ற பெயரைச் சுருக்கும்போது பழக்கதோஷத்தில் 'சி' என்றே போட்டார்கள், சீசருக்கும் அதே பெயர்தான்.

அப்புறம் ஏழு ராஜாக்கள். கி.மு. 753 முதல் 509 வரை 244 வருடம், ஆளுக்குச் சராசரி 35 வருடம் வருகிறது. ஒருவர் மேல் இடி விழுந்தது, இரண்டு பேரைக் கொன்றார்கள், கடைசி ஆளைத் துரத்திவிட்டார்கள் என்கிற பட்டியலுக்கு 35 வருடமா? நம்ப முடியாது. ஆனால் ராஜாக்கள் இருந்தது உண்மை, ஃபோரத்தில் கிடைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கல்லில் ராஜா என்ற சொல்லே இருக்கிறது.

என்னை யோசிக்க வைப்பது அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான். ரோமுலஸ் ஊரில் ஆள் சேர்க்க ஓடிவந்தவர், குற்றம் செய்தவர் எல்லோருக்கும் அடைக்கலம் கொடுத்தான், பெண்கள் இல்லாததால் பக்கத்தில் இருந்த சபைன் இனத்தாரின் பெண்களைத் தூக்கி வந்தார்கள். அடுத்த ராஜா நூமா, அவரே ஒரு சபைன். தார்குவின் என்ற இன்னொரு ராஜாவின் அப்பா கொரிந்த்திலிருந்து ஓடிவந்த கிரேக்கர். செர்வியுஸ் என்ற ராஜா ஓர் அடிமைப் பெண்ணின் மகன். தன் பூர்வீகத்தைப் பற்றி இப்படிக் கதை சொல்லிக்கொள்கிற ஊர் எங்கே இருக்கிறது? கிரேக்கத்தில் ஏதென்ஸ்காரர்கள் நாங்கள் இந்த மண்ணிலேயே முளைத்தவர்கள் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள்.

இது வெறும் கதையாகவும் நிற்கவில்லை. ரோமில் ஒருவர் தன் அடிமையை முறைப்படி விடுவித்தால் அந்த ஆள் குடிமகன். ரோமோடு சண்டை போட்ட மாசிடோனிய மன்னன் ஐந்தாம் ஃபிலிப், ரோமானியர்களைப் பாருங்கள், இப்படித்தான் பெருகினார்கள் என்று கிரேக்கத்தின் லாரிசா ஊர்க்காரர்களுக்குக் கடிதமே எழுதினான். பிறகு கி.பி. 48இல் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் பெரிய மனிதர்களை செனட்டில் சேர்க்கலாமா என்று சண்டை வந்தபோது, பேரரசர் கிளாடியுஸ் எழுந்து நூமா யார், தார்குவின் யார், செர்வியுஸ் யார் என்று இதே பட்டியலைத்தான் வாசித்தார். அந்தப் பேச்சைப் பொறித்த வெண்கலப் பலகை 1528இல் லியோன் நகரத்தில் கிடைத்தது, இன்றும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.