உள்பக்கமாகக் கட்டிய வாட்ச்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கைக்கடிகாரங்களைப் பற்றிப் பேச வர முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். எட்டு நிமிடம் என்றார்கள். சாவி கொடுக்கிற வாட்சைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் என் வீட்டில் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியப்போவதில்லை, அதனால் தைரியமாகத் தொடங்குகிறேன்.

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒன்று கிடக்கும். பழைய ரேஷன் கார்டுக்கு அடியில், ஓடாமல். தாத்தாவுடையதாக இருக்கலாம், மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் என்று பேசி முடித்த காலத்தில் மாமனார் போட்டதாக இருக்கலாம். முலாம் போயிருக்கும், டயல் பழுத்திருக்கும். இருக்கட்டும். அதைப் புதுசாக்கக் கொடுத்துவிடாதீர்கள். இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா. பெங்களூரில் 1953இல் இயந்திரங்கள் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து கைக்கடிகாரமும் செய்தது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்ற பெயர்களெல்லாம் உங்களுக்கே ஞாபகம் வரும். ஜனதாவில் ஆடம்பரம் எதுவும் கிடையாது. மூன்று முள், தேதி இல்லை, பேட்டரி இல்லை. டயலில் 17 ஜுவல்ஸ் என்று பொடி எழுத்து. உள்ளே சக்கரங்களின் முனை தேயாமல் சுழல வைத்திருக்கும் 17 செயற்கை மாணிக்கக் கற்கள் அவை. காலையில் ஒருமுறை சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை ஓடும். நொடிக்கு ஐந்து துடிப்பு, மணிக்கு 18,000. சின்ன வயதில் அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் காதை வைத்து நான் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான்.

அப்பா பஸ் கண்டக்டர். காலை 7.15 டெல்லிச் செய்தி, பெரும்பாலும் சரோஜ் நாராயணசுவாமியின் குரல். அது வந்ததும் சாவியை இழுத்து முள்ளைச் சரிசெய்வார். அந்த வாட்ச் ஒரு நாளைக்கு மூன்று நிமிடம் பிந்தும். ரிப்பேருக்குக் கொடுக்கலாமே என்றால், "ரேடியோதான் தினமும் வருகிறதே" என்பார்.

அவர் போன பிறகு வாட்ச் என் கைக்கு வந்தது. மதுரையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். ஒரு கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டு, திறக்காமலேயே விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இதைக் கட்டியிருந்தவர் உள்பக்கமாகத்தானே கட்டுவார்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா டயலை உள்ளங்கைப் பக்கம் திருப்பித்தான் கட்டுவார். இடது கையில் டிக்கெட் கட்டு, விரல் இடுக்கில் மடித்த நோட்டு. அப்படிக் கட்டினால் கையைத் திருப்பாமலே மணி பார்க்கலாம். பெரியவர் காட்டினார். பன்னிரண்டுக்குப் பக்கத்து விளிம்பில் மட்டும் முலாம் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. டிக்கெட் கட்டு வருடக்கணக்கில் உரசிய இடம். மற்ற பக்கமெல்லாம் முலாம் அப்படியே இருந்தது.

பிறகு பின்மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய பொடி எழுத்துகள். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்த தேதியை அங்கே கீறி வைப்பது வழக்கம். கட்டியிருப்பவர் ஆயுள் முழுக்க அதைப் பார்ப்பதே இல்லை. நான்கு தேதிகள் இருந்தன. அதில் ஒன்று 16-5-79.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். அந்த டயலில் நான்கு மணிக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கறை உண்டு, புளியங்கொட்டை அளவு. வைகையில் வெள்ளம் வந்தபோது பஸ்ஸைத் தள்ளினேன், அப்போது வாட்சுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அப்பா எங்களிடம் சொல்லியிருந்தார். எத்தனையோ முறை. ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஒரு சாண் ஏறும். கடைசியாகச் சொன்னபோது கழுத்தளவுக்கு வந்திருந்தது.

தண்ணீர் இறங்கிய வாட்சை யாரும் மாதக்கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். மறுநாளோ மூன்றாம் நாளோ கடைக்குப் போய்விடும். மே மாதத்தில் வைகையில் ஏது வெள்ளம்? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தேதியைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அந்த வருடம் சித்ரா பௌர்ணமி முடிந்து நான்கைந்து நாள். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, டூட்டி என்று பாட்டியிடம் சொல்லிவிட்டு இருவரும் திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள். அழகர் மேல் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு நடுவில் மாட்டி, அப்பா தொப்பலாக நனைந்திருக்கிறார். கல்யாணமாகி மூன்று மாதம் அப்போது. பாட்டிக்காகச் சொன்ன வெள்ளத்தை எங்கள் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

புதுசாக்கக் கொடுக்காதீர்கள் என்று ஏன் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும். அந்தப் பெரியவரிடம் போவதற்கு முந்தைய வாரம் வேறொரு கடையில், "டயலுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்து, கேசுக்கு முலாம் பூசி, பளபளவென்று தருகிறேன்" என்றார்கள். அடிமாட்டு விலைதான் சொன்னார்கள். நானும் பையில் கைவிட்டுவிட்டேன். அன்று கடையில் சில்லறை இல்லாமல் போனதால்தான் கறை தப்பியது. கண்ணாடியை வேண்டுமானால் தேயுங்கள்; பழைய வாட்சுகளில் அது பெரும்பாலும் பிளாஸ்டிக், பற்பசை வைத்துத் துணியால் தேய்த்தாலே தெளிந்துவிடும். எண்ணெய் போடுங்கள், நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை. டயலைத் தொடாதீர்கள், விளிம்பைத் தொடாதீர்கள். பின்மூடிக்குள் யாராவது மெருகு போடக் கிளம்பினால் வாட்சைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

டைட்டன் பற்றியும் பேசக் குறித்து வைத்திருந்தேன். 1984இல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், ஓசூரில் தொழிற்சாலை. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்ததும் சாவி கொடுக்கும் வேலையே இல்லாமல் போனது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016இல் அரசு முடிவெடுத்தது, அதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். தோல் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சாவி கொடுக்கும்போது வாட்சைக் கையிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள், இறுகியதும் நிறுத்திவிடுங்கள், அதையாவது சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள். என் வாட்சில் இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது. நிலையத்துக் கடிகாரத்தில் இல்லையாம். வணக்கம்.