கவாத்துக்குப் பிறகு

உதகை வானொலி நேயர்கள் அனைவருக்கும் காலை வணக்கம்.

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் மேற்பார்வை வேலை பார்த்தவன் நான். எங்கள் கிறிஸ்தவ சபையில் மூப்பனாகவும், அதாவது சபையை நடத்துகிற பெரியவர்களில் ஒருவனாகவும் இருக்கிறேன். அதனால் ஒரு கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். “அண்ணே, போன வருஷம் கன்வென்ஷன் கூட்டங்கள் முடிந்து வந்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். விடியற்காலையில் எழுந்து ஜெபித்தேன். இப்போது வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்தாகத் தெரிகிறது. நான் பின்மாற்றத்தில், விசுவாசத்தை விட்டுப் பின்னால் போய்விட்டேனா?” கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள்.

தப்பு என்று தெரிந்தே ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆண்டவரை விட்டு விலகுவது வேறு. அதற்கு மனந்திரும்புவதுதான் வழி. ஆனால் இப்படிக் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விலகியவர்கள் இல்லை, வறண்டு போனவர்கள். அவர்களிடம்தான் இன்று பேசுகிறேன்.

நம் மலையில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலையைக் கவாத்து வெட்டுவோம், அதாவது செடியின் மேல்கிளைகளை வெட்டி எடுத்துவிடுவோம். நேற்றுவரை பச்சைப் பாய் விரித்தது போல் இருந்த சரிவு, வெட்டிய மறுநாள் வெறும் குச்சிக் காடாக நிற்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் செடி செத்துவிட்டது என்பார்கள். மறுபடி கொழுந்து கிள்ள மூன்று மாதம் போல ஆகும், உயரமான இடங்களில் அதற்கு மேலும் ஆகும். முதல் துளிர் வந்ததுமே ஆசைப்பட்டுக் கிள்ளினால் செடி எழும்பாது. வெட்டிய கிளைகளையே எடுத்து மொட்டைச் செடியின் மேல் பரப்பி வைப்போம், வெயிலில் பட்டை வெந்துபோகாமல் இருக்க.

கவாத்துக்கு முன் ஒரு சோதனை உண்டு. பென்சில் கனத்தில் ஒரு வேரைத் தோண்டி எடுத்து, குறுக்கே வெட்டி, வெட்டிய இடத்தில் அயோடின் கரைசல் விடுவோம். கருநீலமாக மாறினால் வேரில் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறது, வெட்டலாம். நிறம் சரியாக மாறாவிட்டால் கத்தி வைக்கக் கூடாது; சில வாரம் கொழுந்து பறிக்காமல் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இலையே இல்லாத அந்த மாதங்களில் செடி உயிரோடு இருப்பது, இலை இருந்த காலத்தில் வேரில் இறக்கி வைத்த சத்தால்தான்.

இதை நான் வேலையாகச் செய்து வந்தேன். 2010இல் என் மனைவி நோயில் இறந்த பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு விளங்கியது. எட்டு மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பேன், வாய் திறக்காது. ஆனால் ராத்திரி விளக்கை அணைத்ததும் “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்” என்று வாய் தானாகச் சொல்லும். சின்ன வயதில் அம்மா தினமும் படுக்கப் போகுமுன் சொல்ல வைத்த, வேதத்தில் உள்ள சங்கீதப் பாட்டு. அன்றைக்கு எனக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் வேலையாகத்தான் பட்டது.

ஆகவே சந்தோஷமாக ஜெபிக்க முடிகிற நாட்களில் நன்றாகச் சேர்த்து வையுங்கள். பிள்ளைகளுக்கு வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். வறண்ட நாட்களில் இருக்கிறவர்கள் பெரிய தீர்மானம் எதுவும் எடுக்க வேண்டாம். நாற்பது நாள் உபவாசம், முழு இரவு ஜெபம் என்று உடனே இறங்குவது, முதல் துளிரையே கிள்ளுகிற கதைதான். ஒரே ஒரு சங்கீதம் போதும். ஒன்றும் தோன்றாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள்.

வேதத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்டவர். சில நாளில் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். ஆண்டவர் அவரை அதட்டவில்லை. தூங்க விட்டார். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அதற்கும் கோபம் இல்லை. தூதன் இரண்டாந்தரம் வந்து தட்டி எழுப்பினான்: “நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்.” அந்தச் சாப்பாட்டின் பலத்தில்தான் அவர் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனார்.

அந்த எட்டு மாதத்தில் எங்கள் சபை அக்கா ஒருவர் வியாழக்கிழமைதோறும் தூக்குச்சட்டியில் ரசமும் சோறும் கொண்டுவந்து திண்ணையில் வைப்பார். ஏன் பாடுவதில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. “சாப்பிடு தம்பி” என்பார், போய்விடுவார்.

உங்கள் சபையிலும் கடைசி பெஞ்சில் யாராவது இருப்பார்கள். இந்த வாரம் அவர் வீட்டுக்கு ஒருமுறை போங்கள். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்த வாரமும் போங்கள்.

நன்றி, வணக்கம்.